மூன்றாவது கியருக்காக ஒரு கடல் பயணம்

இதை நான் என் கையால் எழுதவில்லை. நான் சொல்லச் சொல்ல என் மனைவி பிலோமினா எழுதுகிறாள். காரணம் கடைசியில் தானாக வரும். நடுவில் எங்காவது ஒரு வாக்கியம் என்னை மட்டம் தட்டுகிற மாதிரி இருந்தால், அது எழுதுகிறவளின் கைவரிசை என்று வாசகர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மலேசியாவில், தைப்பிங் ஊரில், எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் காருக்குக் கருப்பாயி என்று பெயர். யுத்தம் முடிந்த கையோடு சீமையிலிருந்து வந்திறங்கிய வண்டி. ரயில்வேயில் சரக்குக் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், ஊருக்குத் திரும்பிய ஒரு தோட்டத் துரையிடம் வாங்கினேன். கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டியைச் சாத்துகிற சத்தம் வரும். சீட்டு அசல் தோல். திரும்பும்போது பக்கவாட்டிலிருந்து ஒரு சின்னக் கை எழுந்து வழி காட்டும். இருபது வருடத்தில் அது என்னை ஒரு தடவைகூட நடுவழியில் இறக்கிவிட்டது கிடையாது. பிலோமினா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். சரி, நாலைந்து தடவை.

போன வருடம் கருப்பாயியின் மூன்றாவது கியரில் நாலு பல் உடைந்தது. இரண்டாவதிலிருந்து நேரே நாலாவதுக்குத் தாவினால் வண்டி கிழவர் இருமுவதுபோல் இருமும். தைப்பிங்கிலும் ஈப்போவிலும் இருந்த பட்டறைக்காரர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். இந்த மாடலுக்கு உள்பாகம் இனிமேல் வராது, பேசாமல் ஜப்பான் வண்டி வாங்கிக்கொள். என் மருமகனும் அதையே சொன்னார். அவர் அப்படித்தான் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். தகர டப்பாவுக்குச் சக்கரம் மாட்டினதுபோல் இருக்கும்.

பிலோமினா ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள். கிறிஸ்துமஸுக்குள் வண்டி ஓட வேண்டும், இல்லையென்றால் பழைய இரும்புக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போவார். வெறும் மிரட்டல் இல்லை. அந்த ஆள் ஒருநாள் வந்து மட்கார்டைத் தட்டிப் பார்த்துவிட்டும் போனார். அந்தக் காரைச் சக்களத்தியைப் பார்ப்பதுபோல் அவள் ஏன் பார்க்கிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.

இந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து அவள் தம்பி மரியதாஸின் கடிதம் வந்தது. ராயபுரத்தில் வீடு, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. திருவொற்றியூரில் ஒரு லேத் மிஸ்திரி இருக்கிறார், உடைந்ததைக் கண்ணில் காட்டினால் போதும், அச்சாக இன்னொன்று செய்து தந்துவிடுவார் என்று எழுதியிருந்தான். உடைந்த பல்சக்கரத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு கப்பலேறினேன். மைத்துனனைப் பார்க்கப் போகிறேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். யாரும் நம்பவில்லை.

சென்னைத் துறைமுகத்தில் சுங்க அதிகாரி துண்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னையும் ஒருமுறை பார்த்தார். மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் நைலான் சேலையும் டிரான்சிஸ்டரும் கொண்டுவருவார்கள். உடைந்த இரும்பைக் கொண்டுவந்தவனை அவர் அதற்கு முன் கண்டதில்லை. உள்ளே தங்கம் இருக்குமோ என்று இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுச் சுரண்டிப் பார்த்தார்கள். கடைசியில் இரக்கப்பட்டு அனுப்பிவிட்டார்கள்.

வெளியே மரியதாஸ் ஒரு வாடகைக் காருடன் நின்றான். எனக்கு பஸ்ஸே போதும் என்றேன். மலேசியா மாமா பஸ்ஸில் வந்து இறங்கினால் தெருவில் தன் மானம் என்னாவது என்று கேட்டான். நான் திரும்பிப் போகிற வரைக்கும், ஆறு நாளுக்கும் பேசி முடித்துவிட்டானாம்.

அந்த வாடகைக் காரின் கம்பெனிப் பெயரைச் சொல்லமாட்டேன், வழக்கு கிழக்கு என்று வந்தால் எனக்குத் தெம்பில்லை. வெண்ணெய் நிறம், அந்த வருடத்துப் புது மாடல். டிரைவர் முனுசாமிக்கு நாற்பது வயதிருக்கும், காக்கிச் சட்டையை முழுக்கை இறக்கிப் பொத்தான் போட்டிருந்தான்.

"புச்சு வண்டி சார். சீட்டு கவர்கூட இன்னும் பிரிக்கல. மொதலாளி பிரிக்கக் கூடாதுன்ட்டாரு" என்று பெருமையோடு கதவைத் திறந்தான்.

உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பெருமையின் அர்த்தம் தெரிந்தது. சீட்டு முழுக்க பாலிதீன். சென்னை வெயிலில் ஐந்து நிமிடத்தில் முதுகும் பாலிதீனும் ஒன்றாகிவிட்டன. எழுந்திருக்கும்போது பிளாஸ்திரி உரிக்கிற சத்தம் வரும், வலியும் வரும். கதவைச் சாத்தினால் பிஸ்கட் டின் மூடுகிற ஓசை. கண்ணாடியை இறக்கலாம் என்று கைப்பிடியைச் சுற்றினேன், கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது. முனுசாமி பதறவில்லை. அது அப்படித்தான் கழன்றுகொள்ளும் என்று சொல்லி, வாங்கி, திரும்பச் செருகினான்.

முதலாளி மூன்று கட்டளை போட்டிருந்தார். கவரைப் பிரிக்கக் கூடாது, கதவை ஓங்கிச் சாத்தக் கூடாது, வண்டியில் மீன் ஏற்றக் கூடாது. ராயபுரத்தில் வண்டியை வாடகைக்கு விட்டுவிட்டு மீன் கூடாது என்கிறவர் எந்த ஊர்க்காரரோ தெரியவில்லை. அங்கே காற்று, தபால்காரர் கொண்டுவரும் கடிதம், கோயிலில் பிடிக்கும் குடை எல்லாவற்றிலும் மீன் வாசனை உண்டு.

இரண்டாம் நாள் காலையில் மரியதாஸ் வீட்டில் பழைய சோறும் முந்தின நாள் வஞ்சிரக் குழம்பும். சட்டியோடு தைப்பிங்குக்கு எடுத்துப்போகலாமா என்று யோசித்தேன். எங்கள் ஊரில் மீனுக்குக் குறைவில்லை, ஆனால் மழை ஓயாத ஊர், குழம்பிலும் தண்ணீர்தான் முன்னால் நிற்கும். பிலோமினா ராயபுரத்தில் பிறந்தவள். இந்தக் கைப்பக்குவத்தை ஏன் கப்பலில் ஏற்றிக்கொண்டு வரவில்லை என்று மரியதாஸிடம் கேட்டேன். இந்த வரியை எழுதமாட்டேன் என்றவள், பிறகு எழுதிவிட்டாள்.

சாப்பிட்டுவிட்டுத் திருவொற்றியூர் போனோம். மிஸ்திரி ஏழுமலை, கரி படிந்த பனியனும் மூக்கின் நுனியில் கண்ணாடியுமாக, பல்சக்கரத்தை உள்ளங்கையில் வைத்து நாட்டு வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் பார்த்தார். மூலையில் கிடந்த, உடைத்த கப்பலின் பழைய ஷாப்ட்டுத் துண்டைக் காலால் தட்டி, இதில் கடைந்துவிடலாம் என்றார். மூன்று நாளில் பல் வெட்டிவிடுவார், அதன்பிறகு உலையில் காய்ச்சி எண்ணெயில் முக்கிப் பதம் ஏற்ற வேண்டும். பதம் ஏற்றாத பல் ஒரு மாதம்கூடத் தாங்காது. என் கப்பல் ஆறாம் நாள் பகலில் புறப்படுகிறது, பன்னிரண்டு மணிக்குள் ஏறிவிட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். தலையாட்டினார்.

மூன்றாம் நாள் சும்மா இருக்க வேண்டாமே என்று மரியதாஸ் எண்ணூருக்குக் கூட்டிப் போனான். புதிதாக எழும்பியிருந்த மின்நிலையத்தின் புகைபோக்கியைச் சொந்தச் செலவில் கட்டினவன்போல் காட்டினான். கழிமுகத்தில் இறால் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்க்கவில்லை, காரைத்தான் பார்த்தார்கள். கடற்கரைப் பாதையில் பத்தடி போனதும் புது மாடல் மணலில் புதைந்தது. கருப்பாயியின் சக்கரம் உயரம், அந்த மணலை ஏளனமாகத் தாண்டியிருக்கும். இது சினை எருமைபோல் அடிவயிறு தரையில் பட உட்கார்ந்துவிட்டது. இறால்காரர்கள் ஆறு பேர் வந்து அலாக்காகத் தூக்கி ரோட்டில் வைத்தார்கள். ஆறு பேர் தூக்க முடிகிற ஒரு காரை அன்றுதான் பார்த்தேன்.

தூக்கினவர்களில் ஒருவர் அன்பாக ஒரு பிடி இறாலைத் தாமரை இலையில் கட்டித் தந்தார். முனுசாமியின் முகம் செத்துவிட்டது. திரும்பும் வழியெல்லாம் மரியதாஸ் அந்தப் பொட்டலத்தை ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டே வந்தான். மீன் வண்டிக்குள் இல்லை, கட்டளை மீறப்படவில்லை.

நான்காம் நாள் மாலை பல்சக்கரம் தயார். புதிய இரும்பின் வெள்ளி மினுமினுப்போடு, பல்லுக்குப் பல் பழையதன் இரட்டைப் பிள்ளை. எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை. பதம் மட்டும் பாக்கி. நாளைக்கு வருகிறேன் என்றேன். ஆமாம், நாளைக்கு அவசியம் பூஜைக்கு வாருங்கள் என்றார் மிஸ்திரி. மரியாதைக்கு ஏதோ அழைக்கிறார் என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் ஆயுத பூஜை. சென்னையில் நாலு நாள் இருந்தும் அது என் மண்டையில் ஏறவில்லை. நான் கத்தோலிக்கன், அதிலும் குமாஸ்தா; வாழ்நாளில் பேனாவுக்குப் பொட்டு வைத்தவன் இல்லை. மரியதாஸும் கத்தோலிக்கன்தான், ஆனால் அவன் அன்று காலையிலேயே தன் கிரேனுக்குச் சந்தனம் வைக்கத் துறைமுகம் போய்விட்டான். எனக்குத் தெரியாமல் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லையாம்.

பட்டறையில் லேத்துகள் வரிசையாக மாலை போட்டுக்கொண்டு மாப்பிள்ளைகள்போல் நின்றன. சுத்தியல், அரம், இடுக்கி எல்லாம் குங்குமப் பொட்டோடு ஒரு பலகையில். அவற்றுக்கு நடுவில், வாழையிலைமேல், முதல் மரியாதையோடு என் பல்சக்கரம். கடல் கடந்து போகப்போகிற சாமான் என்பதால் அந்த இடமாம். பதம் போடத்தான் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்ற அவசரத்தில் நான் நேரே போய் அதைக் கையில் எடுத்தேன். பூஜைக்கு நின்றவர்கள் எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள்.

ஏழுமலை கோபிக்கவில்லை. என் கையிலிருந்து மெதுவாக வாங்கித் திரும்ப இலைமேல் வைத்தார். "அண்ணாத்தே, இன்னிக்கு அது இரும்பு இல்ல, சாமி. நாளைக்குக் காலைல மறுபடி இரும்பாயிடும். மொத வேலையே உன்துதான்."

எத்தனை மணிக்கு என்றேன். ஒன்பது மணிக்கு நல்ல நேரம் என்றார். உலை காய, பதம் ஏற, பத்தரை. அங்கிருந்து துறைமுகம். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், கார் ஒழுங்காக ஓடினால் போய்விடலாம். இனி அந்தக் காரை நம்பித்தான் கருப்பாயியின் உயிர்.

அந்தக் காருக்கும் அன்று பூஜை. முனுசாமி இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, மாலையில் கூரைமேல் சிவப்பும் பச்சையுமாகச் சின்ன பல்புகளைச் சுற்றி பாட்டரியிலிருந்து கம்பி இழுத்து எரியவிட்டான். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. நானும் பார்த்தேன். பாட்டரி என்ன ஆகும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆறாம் நாள் காலை என் பெட்டியை மரியதாஸ் முன்னாலேயே துறைமுகத்துக்குக் கொண்டுபோய்விட்டான். முனுசாமி காரை ஆள் வைத்துத் தள்ளித்தான் கிளப்பிக்கொண்டு வந்தான். திருவொற்றியூரில் பட்டறை வாசலில் நிறுத்தி, பாட்டரி படுத்துவிட்டது, எஞ்சினை மட்டும் அணைத்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான்.

உள்ளே ஏழுமலை கற்பூரம் காட்டிவிட்டு உலையைப் பற்றவைத்தார். பல்சக்கரம் செம்பருத்திப் பூ நிறத்துக்கு வந்ததும் இடுக்கியால் எடுத்து எண்ணெயில் இறக்கினார். பட்டறை முழுக்கப் புகை. ஆறினதும் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார், அரம் வழுக்கிக்கொண்டு போனது. பிறகு உலையோரத்தில் இளஞ்சூட்டில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தார். குங்குமம் எரிந்து பல்லிடுக்கில் கருஞ்சிவப்பாக ஒட்டியிருந்தது. துடைக்க வேண்டாம் என்றார்.

துண்டில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கார் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டே இருந்தது. சும்மா நிற்கிற வண்டி பெட்ரோல் குடிக்கலாமா? முப்பது வருடம் ரயில்வேயில் சிக்கனம் பார்த்த கை. ஜன்னல் வழியாகக் கையை விட்டு சாவியைத் திருப்பி அணைத்துவிட்டேன்.

முனுசாமி டீக்கடையிலிருந்து ஓடிவந்தான். சாவியைத் திருப்பினான். பல்லி கத்தினதுபோல் ஒரு 'டிக்', அவ்வளவுதான். மணி பத்தே முக்கால்.

தப்பு என்னுடையது என்று தெரிந்தால் மனிதனுக்குக் கோபம் இரட்டிப்பாக வரும். காரைச் சுற்றிவந்து திட்டினேன். எஞ்சினைக் கிளப்ப முன்னால் கம்பி விட்டுச் சுற்றுகிற துளை இருக்க வேண்டிய இடத்தில் நம்பர் பலகையை அறைந்திருக்கிறான், இவனெல்லாம் கார் செய்கிறவனா என்றேன். எங்கள் கருப்பாயியாக இருந்தால் ஒரே சுற்று, குழந்தைபோல் எழுந்திருக்கும் என்றேன். பத்து வருடமாக அதற்கு செல்ஃப் மோட்டாரே கிடையாது, கம்பியில்தான் கிளம்புகிறது, ஒருநாள் ஏமாற்றினது உண்டா என்றேன்.

முனுசாமி சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றி மேலே சுருட்டினான். வலது மணிக்கட்டு தனியாக வேறொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"மொதலாளியாண்ட முன்னாடி இருந்ததும் அந்த மாதிரி வண்டிதான் சார். நான்தான் கம்பி சுத்துவேன். பெருவிரலை மடக்கிப் பிடிச்சுக்கினேன், ஒருநாள் திருப்பி அட்ச்சிச்சு. பெரியாஸ்பத்திரில கட்டுனாங்க, கோணலா சேந்துக்கிச்சு. புச்சு வண்டி வந்து சாவியத் திருப்புனேன் பாரு, அன்னிக்கு என் பொண்டாட்டி தெருவுக்கே பாயசம் குட்த்தா."

நான் துண்டுப் பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

"உன் வண்டிக்கு யாரு சார் கம்பி சுத்தறது?" என்று கேட்டான். குத்திக்காட்டுகிற குரல் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டான்.

"என் மனைவி" என்றேன்.

உண்மை அதுதான். நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து சோக்கை இழுப்பேன், அவள் முன்னால் நின்று சுற்றுவாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பட்டுச் சேலையோடும் சுற்றியிருக்கிறாள். மழையில் சுற்றும்போது உள்ளேயிருந்து கண்ணாடி வழியாக, இன்னும் வேகமாக என்று நான் கையைக் காட்டியிருக்கிறேன். இதை யாராவது கேட்டு நான் சொல்ல வேண்டி வந்தது அன்றுதான் முதல் தடவை. சொன்ன பிறகு அது நன்றாக இல்லை.

ஏழுமலையும் பட்டறை ஆட்களும் வந்து தள்ளினார்கள். கார் உயிர் பிடித்தது. தண்டையார்பேட்டை தாண்டி துறைமுகத்துக்குப் போகிற சரக்கு ரயில் பாதையில் கேட் போட்டிருந்தது. ரயில் நகருவதாக இல்லை. முனுசாமி ஆக்ஸிலேட்டரை மிதித்தபடியே இருந்தான், வண்டி கொதித்து ஆவி விட்டு மறுபடி அணைந்தது. கேட் திறந்ததும் பின்னால் நின்ற கைவண்டிக்காரர்களும் கூடையோடு நின்ற மீன்காரப் பெண்கள் இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினார்கள். தண்டவாளத்தைத் தாண்டும்போது ஒரு கூடையிலிருந்து நாலு மத்தி திறந்திருந்த ஜன்னல் வழியாக உள்ளே விழுந்தன. முனுசாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஓட்டினான்.

துறைமுக வாசலில் எஞ்சினை அணைக்காமலே என்னை இறக்கினான். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். ஆறு நாளும் அவன் காரைத்தான் திட்டினேன், அவனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை என்று உறைத்தது. சொல்ல வாயெடுத்தேன். அவன் கோணல் கையை ஜன்னல் வழியாக நீட்டி என் தோளைத் தொட்டான். "ஊருக்குப் போயி மொதல்ல அம்மா கைய பாரு சார்" என்றான்.

பினாங்குத் துறையில் பிலோமினா வந்து நின்றாள். பல்சக்கரம் கிடைத்ததா என்று கேட்பாள் என்று தெரியும், அதற்கு முன் அவள் வலது கையைப் பிடித்துப் பார்த்தேன். பெருவிரலின் அடிமூட்டு நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. மடக்கச் சொன்னேன், மடங்கவில்லை. கூட வந்திருந்த மருமகன் வேறு பக்கம் பார்த்தார்.

"இன்னா இது, நாலு பேர் பாக்கசொல்ல" என்று கையை இழுத்துக்கொண்டாள். எத்தனை வருடமாக என்றேன். "எட்டு வருசம் ஆவுது. மாவாட்டினதாலன்னு நீங்களே சொல்லிக்கினீங்க. சரின்னு வுட்டுட்டேன்."

கியரை மாட்டினார்கள். ஒரு பிசிறில்லாமல் உட்கார்ந்தது. வண்டியைக் கிளப்புகிற அன்று, பழக்கம்போல் கம்பியை எடுக்கப் போனவளைத் தடுத்து ஸ்டியரிங்கில் உட்காரச் சொன்னேன். நான் முன்னால் போய் நின்றேன். முனுசாமி சொன்னதெல்லாம் ஞாபகம் இருந்தது, பெருவிரலைத் தவிர. இரண்டாவது சுற்றில் கருப்பாயி திருப்பி அடித்தாள்.

எஞ்சின் எப்படியோ பற்றிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. பிலோமினா என்னைப் பக்கத்து சீட்டில் தூக்கிப் போட்டுக்கொண்டு அவளே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள். இருபது வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழகினதாம். ஏரிக்கரை ரோட்டில் மூன்றாவது கியரைப் போட்டாள், வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி விழுந்தது. அந்த வலியிலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

மறுநாள் பழைய இரும்புக்காரரை வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். பிறகு எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் சீனரின் பழைய உதிரிபாகக் கடைக்குப் போய், பழைய செல்ஃப் மோட்டார் ஒன்றை வாங்கி மாட்ட ஏற்பாடு செய்தாள். பத்து வருடமாக அங்கே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த மோட்டார்தான். உங்கள் வீட்டுக்காரரிடம் அப்போதே சொன்னேனே என்றாராம் கடைக்காரர். ‘அதற்கென்ன அவசரம், சுற்றுவதற்கு வீட்டில் ஆள் இருக்கிறது’ என்று நான் சொன்ன பதிலையும் மறக்காமல் அவளிடம் ஒப்பித்தாராம். இதற்கு முந்தின வாக்கியத்தை நான் சொல்லவில்லை, அவளே எழுதினாள். கோடு போட்டு அடிக்கச் சொன்னேன், அடிக்கவில்லை.

இப்போது சாவியைத் திருப்பினால் கருப்பாயி கிளம்பிவிடுகிறாள், அந்த வாடகைக் காரைப்போலவே. என் கையில் கட்டு இன்னும் ஒரு மாதம் இருக்கும். பிரித்த பிறகு சாவியை என்னிடம் தருவாயா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறாளாம்.